துறைமுகத்துக்குப் போகும் யானைக்காட்டு வழி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு உள்நாட்டிலிருந்து வரும் வழிகள் எல்லாமே யானைக் காட்டைக் கடந்துதான் வருகின்றன. கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வரும் வீதி ஏறத்தாழ 260 கிலோமீற்றர் நீளம். அதில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட பகுதி யானைகள் நாள்தோறும் குறுக்கே கடக்கும் நிலம். அனுராதபுரத்திலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வரும் வீதியும் அப்படித்தான். கல்லோயா சந்தியில் மட்டக்களப்புப் பாதையிலிருந்து பிரிந்து வரும் புகையிரதம் காட்டுக்குள்ளேயே நெடுந்தூரம் ஓடுகிறது. தெற்கே வெருகலைக் கடந்து வரும் கரையோர வீதி மகாவலியின் வெள்ளச் சமவெளிக்கு அருகால் செல்கிறது. இந்த வழிகள் துறைமுகத்துக்காகவும் கோயிலுக்காகவும் போருக்காகவும் உண்டானவை. விலங்கு பார்க்கும் பயணம் அவற்றில் வந்து சேர்ந்தது மிகப் பிந்தி.

அந்தப் பயணத்துக்கு இன்று ஊரெங்கும் வழங்கும் பெயர் ‘சஃபாரி’. கிழக்காபிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். அரபியின் ‘சஃபர்’ என்ற சொல்லிலிருந்து அது சுவாஹிலிக்குப் போனது. மூதூர், கிண்ணியா முஸ்லிம்கள் மார்க்கக் கல்வியின் வழியே நன்கறிந்த சொல் அது. ஆபிரிக்கக் கரையில் சுமைகாரரோடு உள்நாட்டுக்கு நடந்த வணிகப் பயணத்தைக் குறித்த சொல், பிறகு வெள்ளையரின் வேட்டைப் பயணத்தைக் குறித்து, கடைசியில் ஜீப்பில் இருந்து விலங்கு பார்ப்பதைக் குறிக்கலாயிற்று. திருகோணமலை வழியின் வரலாறும் ஏறக்குறைய இதே படிகளில்தான் நடந்திருக்கிறது.

வழியின் மிகப் பழைய பயணிகள் அடியார்கள். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணேசர் மீது பதிகம் பாடிய காலத்திலேயே திருகோணமலையின் சுவாமிமலையில் உள்ள அவருடைய கோயிலின் புகழ் கடல் கடந்திருந்தது. சோழர் காலத்தில் கந்தளாயில் ஒரு சதுர்வேதிமங்கலம் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. மின்னேரிய, கவுடுல்ல, கந்தளாய் ஆகிய பெருங்குளங்கள் கால்வாயால் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டிருந்தன. குளம் இருந்த இடமெல்லாம் வயலும் ஊரும் இருந்தன. 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் அரசுகள் தென்மேற்கே நகர்ந்தன. குளக்கட்டுகள் உடைந்தன, ஊர்கள் கலைந்தன. நீரும் புல்லும் அப்படியே இருந்ததால் அந்த நிலத்தை யானைகள் எடுத்துக்கொண்டன. இன்றைய பூங்காக்களை மனிதர் கால் படாத ஆதிக் காடு என்று விளம்பரங்கள் சொல்வது சரியல்ல. அவை கைவிடப்பட்ட வயல்களின் மேல் வளர்ந்த காடுகள். யானைகள் கூடும் புல்வெளி மனிதன் கட்டிய குளத்தின் அடிநிலம்.

அடியார் வழிகளில் ஒன்று இன்றும் கால்நடையாகவே நடக்கிறது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கும் கதிர்காமப் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தைக்கு அப்பால் குமண, யால தேசியப் பூங்காக்களின் உள்ளே பல நாள் நடக்கிறது. மற்றவர்களுக்கு வாகனம் இன்றி அனுமதியில்லாத காட்டில், குறித்த நாள்களில் மட்டும் கதவு திறந்து இவர்களை விடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தலும் அரிசிப் பொட்டலமும் தலைச்சுமையாக, கூட்டத்தைப் பிரியாமல், எதிரே யானை நின்றால் பிள்ளையாராக எண்ணிக் கும்பிட்டு ஒதுங்கி நடக்கும் இந்தப் பயணத்துக்கு ஒருவரும் சஃபாரி என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் முதற் பொருளுக்கு இந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான பயணம் இல்லை.

ஐரோப்பியர் இந்த வழியை எழுத்தில் விட்டுச் சென்றது துன்பக் கதையாகவே தொடங்குகிறது. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. அதன் தலைவரும் அவருடைய மகன் றொபட் நொக்ஸும் மூதூர்ப் பக்கத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கினார்கள். காட்டு வழியே கண்டி நாட்டுக்குள் நடத்திக் கொண்டுபோகப்பட்ட நொக்ஸ், 1679இல் மேற்குக் கரையில் அரிப்பு என்ற இடத்துக்குத் தப்பி வரும்வரை அங்கேயே இருந்தார். 1681இல் வெளிவந்த அவருடைய நூல், பாதைகள் ஏன் அவ்வளவு ஒடுங்கிக் கிடந்தன என்பதற்குக் காரணம் தருகிறது: அவற்றை அகலமாக்க அரசன் விடுவதில்லை. காடுதான் கண்டியின் மதில். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய வழியில் ஒரு படை வேகமாக வர முடியாது.

அந்த மதிலின் வலிமை 1803இல் தெரிந்தது. கண்டியில் முற்றுகைக்குள்ளான பிரித்தானியப் படை சரணடைந்து, மேஜர் டேவியின் தலைமையில் திருகோணமலைக்குத் திரும்பப் புறப்பட்டது. மகாவலி பெருக்கெடுத்திருந்தது. நகரை விட்டுச் சிறிது தூரத்திலேயே, வட்டப்புளுவவில் ஆற்றைக் கடக்க முடியாமல் அவர்கள் நின்றபோது படை அழிந்தது. அடுத்த ஆண்டு கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் சுமார் 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குள் நுழைந்தார். உதவிக்கு வேறு எந்தப் படையும் வந்து சேராததால், சண்டையிட்டபடியே பின்வாங்கி 1804 ஒக்டோபரில் திருகோணமலையை அடைந்தார். 1810இல் அவர் வெளியிட்ட நூலில் மழையும் காய்ச்சலும் பசியும் எதிரிக்குச் சமமான இடம் பெறுகின்றன. நோயாளிகளைச் சுமந்துகொண்டு யானைத்தடங்களின் வழியே நடந்த அந்த நடையின் பதிவுதான், இந்த வழியைப் பற்றி ஓரளவு முழுமையாகக் கிடைக்கும் பழைய பயணக்குறிப்பு.

கண்டி 1815இல் வீழ்ந்தபின் வீதி வெட்டத் தடை இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாகத் துறைமுகம்வரை பாதை வந்தது. தபால் சுமந்து ஓடியவர்களும் மாட்டு வண்டிக்காரரும் அதில் போனார்கள். இடையிடையே வாடிவீடுகள் எழுந்தன. காய்ச்சலும் யானையும் மட்டும் மாறவில்லை. வண்டிகள் கூட்டாகப் போகும். பொழுது சாயுமுன் அடுத்த தங்குமிடத்தைப் பிடிக்கப் பார்க்கும். பிடிக்க முடியாவிட்டால் மாடுகளை அவிழ்த்து நடுவில் கட்டி, சுற்றிலும் தீ மூட்டி விடியும்வரை காவலிருக்க வேண்டியதுதான்.

பாதையோடு துப்பாக்கியும் வந்தது. காலனி அரசு யானையைப் பயிரழிக்கும் பிராணி என்று வகுத்து, கொன்றவருக்குச் சன்மானம் கொடுத்தது. 1845 முதல் 1850 வரை காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் தரும் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டது. திருகோணமலையின் காடுகள் அந்த மாகாணத்தின் காடுகளோடு தொடர்ந்து கிடப்பவை. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்த மேஜர் றொஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். இவை வேட்டையின் கணக்குகள் அல்ல, ஒழிப்பின் கணக்குகள். ஒரு பெருவிலங்கை அரசே காசு கொடுத்து அழித்த காலம் அது. அதை வீரக் கதையாகச் சொல்லும் பழைய நூல்களை அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

அந்த நூல்களில் திருகோணமலை வழியை ஆபிரிக்காவோடு நேரடியாக இணைப்பவர் சாமுவேல் பேக்கர். 1846இல் வேட்டைக்காக இலங்கைக்கு வந்த அவர், நுவரெலியாவில் குடியிருந்து 1855இல் திரும்பினார். மின்னேரியக் குளக்கரையில் யானை சுட்டதை 1850களில் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். அக்காலத்தில் அந்தக் குளம் கைவிடப்பட்டுக் கிடந்தது. சுற்றிலும் பற்றைக்காடு, நடுவே நீர், கரையில் புல்வெளி. காலையிலும் மாலையிலும் யானைக்கூட்டங்கள் புல்வெளிக்கு இறங்கின. பேக்கர் பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்காவுக்குள் போனார். 1864 மார்ச்சில் அல்பேர்ட் ஏரியைக் கண்டார். அதற்குள் விழும் ஆற்றின் அருவிக்கு மேர்ச்சிசன் என்று பெயரிட்டார். 1952இல் தேசியப் பூங்காவான மேர்ச்சிசன் அருவிப் பகுதி இன்று உகண்டாவின் முதன்மையான சஃபாரி இடம். மின்னேரியவும் 1997இல் தேசியப் பூங்காவாயிற்று. ஒரே மனிதர் துப்பாக்கியோடு நின்ற இரண்டு நீர்க்கரைகளிலும் இன்று ஜீப்புகள் நிற்கின்றன.

தெற்குக் கரையோர வழியின் கதை வேறு. அங்கே பயணிக்குத் தடையாக நின்றது காட்டைவிடத் தண்ணீர். மகாவலி கொட்டியாரக் குடாவை அடையுமுன் பல கிளைகளாகப் பிரிகிறது. அதனால் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவர் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை இறங்கி ஏற வேண்டியிருந்தது. இந்தத் துறைகளில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவையைக் கிழக்கு மாகாணத்தில் ‘பாதை’ என்றே சொல்வார்கள். வேறு ஊர்த் தமிழர் பலருக்கு அந்தச் சொல் விளங்காது. ‘பாதை இன்னும் வரல்ல’ என்று கரையில் நிற்பவர் சொன்னால், வீதி போடவில்லை என்று பொருளல்ல; மிதவை அக்கரையில் நிற்கிறது என்று பொருள். படகுகளை அல்லது மிதவைத் தாங்கிகளை இணைத்து மேலே பலகை பாவியிருப்பார்கள். இரு கரைக்கும் குறுக்கே கயிறு கட்டியிருக்கும். ஆட்கள் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்கப் பாதை நகரும். பஸ் வந்தால் முதலில் சனம் இறங்க வேண்டும். வெறும் பஸ் பலகையில் மெல்ல ஏறும்போது பாதை ஒரு பக்கம் தாழ்ந்து, தண்ணீர் விளிம்புவரை வந்து, மறுபடி நிமிரும். அதன் பிறகுதான் சனம் ஏறும். மூதூர்க்காரர் பலர் இந்தத் தொல்லையை விட்டு, குடாவைக் குறுக்கே கடக்கும் லாஞ்சிலேயே திருகோணமலைக்கு வந்து போனார்கள்.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அப்போது நாட்டின் மிக நீளமான பாலம் அதுதான். கங்கை, உப்பாறு, இறால்குழி, வெருகல் பாலங்களும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் வந்தன. பாதைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆனால் 2021 நவம்பர் 23ஆம் திகதி, பால வேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் தற்காலிகமாக ஓடிய மிதவை கவிழ்ந்து, பள்ளிக்குப் போன பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. கிழக்கில் பாதையின் வரலாற்றை எழுதும் எவரும் அந்தக் காலைப்பொழுதைத் தவிர்க்க முடியாது.

புகையிரதம் திருகோணமலைக்கு 1927இல் வந்தது. மாகோவிலிருந்து கிழக்கே வரும் பாதை கல்லோயா சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. வடகிழக்கே போவது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் துறைமுகத்தை அடைகிறது. மற்றது பொலன்னறுவை வழியாக 1928இல் மட்டக்களப்பை எட்டியது. வண்டியில் மூன்று நான்கு நாள் எடுத்த காட்டுவழி ஓர் இரவுப் பயணமாயிற்று. முன்பு யானைக்குப் பயந்து தீ மூட்டிய இடத்தைப் பயணி தூக்கத்தில் கடந்து போனார்.

இந்தப் பாதைக்கு ஆபிரிக்காவில் ஓர் இணை உண்டு. மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்ரோரியா ஏரிவரை பிரித்தானியர் 1896க்கும் 1901க்கும் இடையில் போட்ட உகண்டாப் புகையிரதப் பாதைதான் அது. ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர் அதற்காகக் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 2,500 பேர் மடிந்தார்கள். 1898இல் சாவோ ஆற்றுப் பால வேலைத்தலத்தில் இரண்டு சிங்கங்கள் தொழிலாளரைத் தூக்கிச் சென்று தின்றது உலகறிந்த கதை. அந்தப் பாதைதான் முதலில் வேட்டைக்காரரையும் பிறகு உல்லாசப் பயணிகளையும் உள்நாட்டுக்குக் கொண்டு சென்றது. 1948இல் சாவோ தேசியப் பூங்காவானபோது பாதை பூங்காவின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மொம்பாசாவும் திருகோணமலையும் ஒரே பேரரசின் கடற்படைத் துறைமுகங்கள். இரண்டிலும் காட்டின் ஊடாக இருப்புப் பாதை உள்நாட்டை நோக்கி ஓடியது.

இரண்டு துறைமுகங்களின் கதைகளும் 1942இல் நேராகவே சந்தித்தன. அதற்குச் சற்று முன்னரே சீனக்குடாவில் விமானத்தளம் அமைந்துவிட்டது. அருகே கடற்படைக்கான எண்ணெய்த் தாங்கிகள் காட்டை வெட்டிக் கட்டப்பட்டிருந்தன. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் அணி, 9ஆம் திகதி காலை திருகோணமலைக்கு வந்தது. சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றிப் பல நாள் எரிந்தது. முந்திய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதன் பின் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை தன் தளத்தை எங்கே மாற்றிக்கொண்டது? கென்யாவில், மொம்பாசாவின் கிலிந்தினித் துறைமுகத்துக்கு. மறுபுறம், கிழக்காபிரிக்கப் படைகள் இலங்கையைக் காக்க இங்கே கொண்டுவரப்பட்டு, பிறகு பர்மாப் போருக்கு அனுப்பப்பட்டன. சாவோக் காட்டின் வாசலுக்கும் ஹபரணைக் காட்டின் வாசலுக்கும் இடையில் அந்த ஆண்டுகளில் கப்பல்கள் ஓயாமல் போய்வந்தன.

போர்தான் யானைக் காட்டுக்குள் விமானத்தையும் கொண்டுவந்தது. சீனக்குடாவின் அமைதியான நீரில் கற்றலீனாக் கடல்விமானங்கள் இறங்கின. 1942 ஓகஸ்ட் முதல் ஒல்லாந்தரின் 321ஆம் அணி அங்கிருந்து பறந்து கடற்காவல் செய்தது. உள்நாட்டில், மின்னேரியவுக்கு அருகே ஹிங்குராக்கொடையில் நீண்ட ஓடுபாதை வெட்டப்பட்டது. நான்கு இயந்திர லிபரேட்டர் விமானங்கள் அங்கிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து பறந்தன. பேக்கர் யானை சுட்ட குளத்திலிருந்து சில மைல் தூரத்தில், நூறு ஆண்டு கூட ஆகுமுன், அப்படியொரு விமானத்தளம் எழுந்தது. இந்த மாற்றத்தின் வேகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். யானைகளோ அதே குளத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தன.

1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளங்களைக் கையளித்தார்கள். சீனக்குடா இலங்கை விமானப்படையிடம் வந்தது. விமானிகளைப் பயிற்றும் கழகம் இன்றும் அங்கேதான். விமானப்படை 1972இல் ‘ஹெலிரூவர்ஸ்’ என்ற பெயரில் உல்லாசப் பயணிகளையும் ஏற்றத் தொடங்கியது. உள்நாட்டுப் போர் அதை நிறுத்தியது. போருக்குப் பின் இரத்மலானையிலிருந்து சீனக்குடாவுக்கு அதன் சேவை மறுபடி நடந்தது. 2013 முதல் சின்னமன் எயார் என்ற தனியார் நிறுவனம் செஸ்னா கரவன் என்ற ஒற்றை இயந்திரச் சிறு விமானங்களால் கட்டுநாயக்காவையும் சீகிரியாவையும் திருகோணமலையையும் இணைத்தது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மசாய் மாராவின் மண் ஓடுபாதைகளுக்குச் சஃபாரிப் பயணிகளை ஏற்றிச் செல்வதும் அதே வகை விமானங்கள். சிறகு உடலின் மேலே பொருத்தியிருப்பதால் யன்னலோரம் இருப்பவருக்குக் கீழே உள்ளது மறைவதில்லை. தாழப் பறக்கையில் காட்டின் நடுவே குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதைப் பார்க்கும் பயணிக்கு, வீதியில் போகிறவருக்குப் புரியாத ஒன்று புரிந்துவிடும்: இந்தக் காடு நீரால் கோர்க்கப்பட்டது. யானையின் வழி குளத்திலிருந்து குளத்துக்குப் போகிறது.

காட்டை வேட்டைநிலமாகப் பார்த்த கண் மாறியது மெதுவாகத்தான். 1894இல் தொடங்கிய வேட்டைப்பிராணிப் பாதுகாப்புச் சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரரே. சுட ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சம் அவர்களைப் பாதுகாவலர் ஆக்கியது. 1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. அதே ஆண்டில் மின்னேரிய - கிரித்தலைப் பகுதி சரணாலயமாயிற்று. மகாவலித் திட்டத்தில் காடுகள் வயலானபோது, ஈடாக 1986இல் சோமாவதிய தேசியப் பூங்கா பிரகடனமாயிற்று. அதன் ஒரு பகுதி திருகோணமலை மாவட்டத்துக்குள் வருகிறது. மகாவலி பெருகி வடிந்தபின் தேங்கும் ‘வில்லு’ எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகள் அங்கே நிறைய. மின்னேரிய 1997 ஓகஸ்டில் 8,890 ஹெக்டேயர் பரப்போடு தேசியப் பூங்காவானது. கவுடுல்ல 2002 ஏப்ரலில், 6,900 ஹெக்டேயர். நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாமலை 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே பார்க்க வேண்டியவை பவளப் பாறைகளும் கருந்துடுப்புச் சுறாக்களும். போக வேண்டியது படகில்.

மின்னேரியவில் நடப்பதை விளங்கிக்கொள்ளக் குளத்தின் கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். கிழக்கில் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. வைகாசிக்குப் பிறகு காட்டுக்குள் சிறு நீர்க்குழிகள் வற்றும். வயலுக்குத் திறந்துவிட்டதால் பெருங்குளத்தின் நீரும் இறங்கும். நீர் இறங்க இறங்க ஈரமான அடிநிலத்தில் பச்சைப் புல் முளைக்கும். சுற்றிலும் காடு காய்ந்திருக்க, குளத்துக்குள் மட்டும் புல். ஓகஸ்ட், செப்டெம்பரில் சுற்றுக் காடுகளின் கூட்டங்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். ஒரே மாலையில் 200, 300 யானைகளைக் காண முடியும். தாய்மாரும் குட்டிகளும் நடுவில் மேய, கொம்பில்லாத ஆண்களான அலியன்கள் ஓரத்தில் தனித்தனியே நிற்கும். கொம்பன் அபூர்வம். புல்லைத் துதிக்கையால் சுற்றிப் பிடித்து, முன்காலால் வேரோடு உதைத்து, மண் போகக் காலில் தட்டிவிட்டு வாயில் வைப்பதை ஒரு குட்டி தாயைப் பார்த்துப் பார்த்துப் பழகும். பலமுறை தவறும், மண்ணோடு வாயில் போடும், துப்பும். ஆசியாவில் காட்டு யானைகள் இந்த அளவில் கூடுவதைக் காண இதற்கு நிகரான இடம் இல்லை. மழை தொடங்கியதும் கூட்டம் கவுடுல்லப் பக்கம் நகரும்.

இந்தக் கூட்டம் தண்ணீரின் மட்டத்தை நம்பியே இருக்கிறது. மொறகஹகந்த நீர்த்தேக்கம் வேலை செய்யத் தொடங்கியபின் கோடையிலும் மின்னேரியக் குளத்துக்கு நீர் வருகிறது. நீர் உயர்ந்தால் புல் மூழ்கும். கமக்காரருக்கு நீர் வேண்டும் என்பது நியாயம். ஓகஸ்டில் சில கிழமை நீரைத் தாழ வைப்பது அந்த நியாயத்தைக் கெடுக்காது. அதைத் தீர்மானிக்கும் இடத்தில் விவசாயியோடு வனவிலங்கு அதிகாரிக்கும் குரல் இருக்க வேண்டும்.

உள்நாட்டுப் போரின் போது விலங்கு பார்க்கும் பயணம் பெரும்பாலும் நின்றது. ஹபரணை வீதியில் சோதனைச் சாவடிகள் நிறைந்தன. பல ஆண்டுகள் இரவில் பயணம் செய்தவர் அரிது. 2006 ஒக்டோபரில் ஹபரணைக்கு அருகே திகம்பத்தானையில் கடற்படையினரின் பஸ்கள் நின்ற இடத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். மூதூர், சம்பூர் மக்கள் இதே வழிகளில் இடம்பெயர்ந்து நடந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி மூடப்பட்டிருந்த காலத்தில் வடக்கு மக்கள் திருகோணமலைக்குக் கப்பலில் வந்தே தெற்கே போனார்கள். 2009க்குப் பின் வீதி அகலமாகி, தார் மின்னி, நிலாவெளியில் விடுதிகள் எழுந்தன. ஹபரணையில் மாலை மூன்று மணிக்குப் பூங்கா வாசலை நோக்கி ஜீப்புகள் வரிசை கட்டும் காட்சி அதன் பிறகு வந்தது.

துறைமுக நகருக்குள்ளும் காட்டின் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் சுவாமிமலைக்குப் போகும் ஏற்றத்திலும் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாமல் நிற்கின்றன. கோயிலுக்கு வருகிறவர் கொடுக்கும் பழத்தோலை வாங்கித் தின்கின்றன; வீசிய பொலித்தீன் பையையும் சேர்த்துத் தின்று சாகின்றன. பழத்தை அன்போடு நீட்டுகிற கை, பையைத் திரும்ப எடுத்துப் போவதற்கும் பழக வேண்டும்.

யானை கடலுக்குள் போவதும் இந்தக் கரையில் நடந்திருக்கிறது. 2017 ஜூலை 23ஆம் திகதி திருகோணமலைக் குடாவுக்கு வெளியே இரண்டு இளம் யானைகள் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, துதிக்கையை மட்டும் மேலே நீட்டித் தத்தளித்தன. கடற்படைப் படகுகள் சூழ்ந்துகொண்டன. சுழியோடிகள் நீரில் குதித்துக் கயிறு கட்ட, மெல்ல மெல்ல இழுத்து பவுல் முனைக் கரையில் கொண்டுபோய் விட்டார்கள். கரையேறிய யானைகள் காட்டுக்குள் போயின.

புகையிரதப் பாதையில் அந்தக் கருணை இன்னும் வந்து சேரவில்லை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி அதிகாலை, மட்டக்களப்புப் பாதையில் சென்ற புகையிரதம் ஹபரணைக்கு அருகே ஒரு கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தன. பெட்டிகள் தடம் புரண்டன. கென்யா 2017இல் மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் இடையில் புதிய இருப்புப் பாதை போட்டபோது, சாவோவில் பாதையை உயர்த்தி, அதன் கீழே யானைகள் கடக்கும் வழிகளை விட்டுக் கட்டியது. குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் யானைகள் அந்த வழிகளைப் பயன்படுத்துகின்றன. கல்லோயாவிலிருந்து திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பிரியும் இரண்டு பாதைகளிலும், யானைகள் வழக்கமாகக் கடக்கும் இடங்கள் சாரதிகளுக்கும் வனவிலங்குத் திணைக்களத்துக்கும் நன்றாகத் தெரிந்தவை. அந்த இடங்களில் சுரங்க வழி வெட்டும்வரை இரவு வண்டிகளின் வேகத்தைக் குறைப்பதே உடனே செய்யக்கூடியது. வீதியில் வருகிறவர்களும் ஹபரணை தாண்டிப் பொழுது சாய்ந்துவிட்டால் மெதுவாகவே ஓட்டுங்கள்.